ஆற்றோரத்துக் கடைசி வளவு

சீனிமுகம்மதுவுக்கு ஐம்பத்தேழு வயது. கல்முனைச் சந்தையில் இருபத்தொன்பது வருடங்களாகக் கோழி அறுக்கிறார். ஒரு கதவு மட்டும் உள்ள சின்னக் கடை. தராசு, வெந்நீர்ப் பானை, இறகு பிடுங்கும் மெசின், அறுத்த கோழியைத் தலைகீழாகப் போடும் நீலப் பீப்பா. வெள்ளிக்கிழமைகளில் நூற்றைம்பது கோழி போகும். மற்ற நாட்களில் அறுபது, எழுபது. கத்தியைக் கையில் எடுத்தால் அவர் கதைக்க மாட்டார். வாங்க வருகிறவர்கள்தான் கதைப்பார்கள்.

சாய்ந்தமருதில் கடலோரத்தில் பிறந்தவர். கடல் எழும்பி வந்த வருடம் பிறந்த வீடும் தாயும் போயின. அவர் அப்போது கலியாணம் முடித்து, றோட்டுக்கு மேற்கே மனைவி றபீக்காவின் வீட்டில் இருந்தார். அதனால் தப்பினார். அதற்குப் பிறகு கடல் பக்கம் போகவில்லை. பயந்த மனிசன் என்று ஊரில் பெயர். கோழி அறுக்கிறவனுக்கு என்ன பயம் என்று கேலி செய்வார்கள்.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பதினொரு வருடங்களாக அவர் ஒரு முதலைக்குத் தீன் போட்டு வந்தார்.

அது திட்டமிட்டு நடந்ததல்ல. கடையில் சேரும் குடலையும் தலையையும் இறகையும் எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். குப்பை வண்டி இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும். அதற்குள் சந்தை நாறும். ஒவ்வொரு கடைக்காரனுக்கும் ஒரு மறைவான இடம் இருந்தது. சீனிமுகம்மது, வயல்வட்டையின் நடுவே போகும் மண்பாதையின் கடைசியைத் தெரிந்துகொண்டார். அங்கே பாதை ஆற்றில் முடியும். வீடு வாசல் கிடையாது. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் வாளியைக் கட்டிக்கொண்டு போவார். கொட்டிய மறு நிமிடம் காகமும் பருந்தும் இறங்கும்.

மூன்றாவது மாதத்தில் ஒருநாள் காகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. தண்ணீரில் இரண்டு கண் தெரிந்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். மறுநாள் வாளியை எடுக்கப் போனபோது அது அதே இடத்தில் கிடந்தது. அவர் கொண்டுபோனதைக் கொட்டினார். ஏன் கொட்டினார் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டிருக்கிறார். கழிவு கையில் இருந்தது. வேறு இடம் தெரியாது. அவ்வளவுதான்.

வாளியின் அடியில் ஒட்டிய குடலை உதற, கரையில் கிடந்த கல்லில் தட்டுவார். கொஞ்ச நாளில் தட்டினால் போதும் என்றாகிவிட்டது. எதிர்க்கரைப் புல்லில் இருந்து தண்ணீரில் ஒரு கோடு கிளம்பி வரும். முதலில் மண்வெட்டிப் பிடியளவு இருந்தது. பிறகு மோட்டார் சைக்கிளைவிட நீண்டது. ஒவ்வொரு நாளும் அவர் பயந்தார். பயந்துகொண்டே போனார். வரும் வழியில் காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதுவார்.

இதை அறிந்த ஒரே ஆள் இளையதம்பி. அக்கரை ஊர்க்காரன், தோணியில் வலை போடுகிறவன்.

“என்ன காக்கா, செல்லப்பிள்ளைக்குச் சோறு குடுத்தாச்சா?” என்பான். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

“உன்ர வலைய அது கிழிக்கல்லயா?”

“என்னத்துக்குக் கிழிக்க? நீங்க வயிறு நிரப்பி விடுறீங்க. எனக்கு அதால ஒரு கரைச்சலும் இல்ல. நீங்க மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தாத்தான் எனக்குக் கஸ்டம்.”

இரண்டு வருடங்களுக்கு முன் மூத்த மகள் றுக்ஸானாவுக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெற்றவர்கள் அடுத்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு வேறு வீடு கட்டிப் போவார்கள். இதில் யாரும் யாரையும் துரத்துவதில்லை. எல்லா வீடுகளிலும் இப்படித்தான். றபீக்கா தன் தாய் கொடுத்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தாள். இளையவள் ஆகிலாவுக்கு இனி ஒரு வீடு வேண்டும்.

ஊருக்குள் காணி இல்லை. இருந்தாலும் கோழிக்கடைக்காரருக்கு எட்டாது. வயல்வட்டையை மண் போட்டு மேவி, துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆற்றை நோக்கி ஒன்பது வளவு. எட்டு போய்விட்டது. மிஞ்சியது கடைசி வளவு. சீனிமுகம்மது பார்க்கப் போனார். அவர் தட்டும் கல் வளவின் பின்மூலையில் இருந்து நாற்பது எட்டில் கிடந்தது.

கல்லைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கொட்டுவதை நிறுத்தினால் அது போய்விடும் என்று நினைத்தார். தீன் இல்லாத இடத்தில் எந்தச் சீவன் நிற்கும்? அன்று அசருக்குப் பிறகு வாளியைக் கட்டவில்லை. அடுத்த மாதம் காணி அவருடையதானது.

பள்ளத்தை நிரப்ப இருபத்திரண்டு டிப்பர் மண் போனது. சொரசொரவென்ற வெள்ளை மணல். ஆற்றுப் பக்கம் மதில் கட்டக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மணல் அப்படியே சரிந்து தண்ணீரில் இறங்கியது. சித்திரையில் குடிபுகுந்தார்கள்.

றபீக்காவுக்கு வீடு பிடித்தது. காற்று வரும். பழைய வீட்டில் தாராவாத்து வளர்க்க இடமில்லை. இங்கே எட்டுத் தாரா வாங்கிவிட்டாள். காலையில் அவை வரிசையாகச் சரிவில் இறங்கி ஆற்றுக்குப் போகும். பின்னேரம் அவள் கரையில் நின்று “பா, பா” என்று கூப்பிட்டால் திரும்பி வரும். அவள் அப்படி நிற்கும்போது சீனிமுகம்மது வீட்டில் இருந்தால் குசினி வாசலுக்கு வந்து நிற்பார்.

“என்ன, என்னக் காவல் காக்கிறீங்களா?”

“சும்மா.”

“அறுவத நெருங்கக்குள்ளதான் ஆசை வருது மனிசனுக்கு.”

வைகாசியில் ஒரு தாரா வரவில்லை. ஆனியில் இரண்டு. சரிவு மணலில் நடுவே ஒரு இழுவையும் இரண்டு பக்கமும் விரல் பதிந்த அடையாளமும் கிடந்தன. றபீக்கா குந்தியிருந்து பார்த்தாள்.

“கபறக்கொய்யா ஒண்டு வருது போல.” தண்ணீரில் திரியும் பெரிய உடும்பைத்தான் சொன்னாள்.

சீனிமுகம்மது அந்த அடையாளத்தைப் பார்த்தார். ஒரு அடிக்கும் மறு அடிக்கும் இடையில் அவருடைய முழங்கை நீளம் இருந்தது.

“ஓம்” என்றார். “கபறக்கொய்யாதான். அது ஆளுக்கு ஒண்டும் செய்யா.”

சொல்லிவிட்டு உள்ளே போனார். சொல்லாமல் விட்டதைப் பிறகு சொல்வது எவ்வளவு கடினம் என்பது அவருக்கு அன்று பின்னேரமே விளங்கிவிட்டது. முதலை என்றால், எப்படித் தெரியும் என்பாள். தெரிந்தால், ஏன் வாங்கினீர்கள் என்பாள். மற்ற எட்டு வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. இன்று சொல்வோம் என்று நினைத்துக்கொண்டு கடையில் இருந்து வருவார். அவள் தேத்தண்ணீர் கொடுப்பாள். குடிப்பார்.

ஆகிலா உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாத பிள்ளை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு சாப்பிட இருந்தபோது, கறிக்குள் கிடந்த கோழிக்காலைத் தூக்கிப் பிடித்தாள்.

“வாப்பா, இந்தக் கால வடிவாப் பாத்திரிக்கிங்களா?”

“இருவத்தொம்பது வருஷமாப் பாக்கன்.”

“இந்தச் செதில் எங்கால வந்த? சொல்லுங்க பாப்பம்.”

“கோழியோட வந்த.”

“கோழிக்கும் முதலைக்கும் ஒரே மூதாதை வாப்பா. டைனோசரும் அந்தக் குடும்பந்தான். அது போயிட்டு. இப்ப மிச்சம் ரெண்டு பேரு. பறவை ஒண்டு, முதலை ஒண்டு.”

“பல்லி, உடும்பெல்லாம்?” என்றாள் றபீக்கா.

“அதுகள் தூரத்துச் சொந்தம் உம்மா. முதலைக்குக் கிட்டின சொந்தம் கோழிதான். பாக்கக்குள்ள தெரியா.”

“அப்ப உங்கட வாப்பா இவ்வளவு காலமும் டைனோசர் அறுத்திரிக்காரு. அப்பிடியே ஒரு போர்ட் எழுதிக் கடையில போடச் சொல்லு, யாவாரம் கூடும்.”

தாயும் மகளும் சிரித்தார்கள். சீனிமுகம்மது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“ஊர்க்கோழிர இரைப்பைக்குள்ள கல்லு இரிக்கும்” என்றார். “அதுக்கும் இரிக்குமா?”

“முதலைக்கா? ஓம். அதுவும் கல்லு விழுங்கும்.”

“இதயம்?”

“நாலு அறை. கோழிக்கும் நாலு. பல்லிக்கு மூண்டுதான். என்ன வாப்பா, சோதின எழுதப் போறீங்களா?”

அவர் கையைக் கழுவ எழும்பினார்.

மறுநாள் கடையில் முதல் கோழியைப் பிடித்தபோது அதன் கண்ணைப் பார்த்தார். மூக்கோரத்தில் இருந்து ஒரு மெல்லிய சவ்வு குறுக்காக ஓடிக் கண்ணை மூடித் திறந்தது. இதே சவ்வைத் தண்ணீர் மட்டத்தில் பதினொரு வருடம் பார்த்திருக்கிறார். வெட்டிப் போட்ட கால்கள் தட்டில் குவிந்துகொண்டிருந்தன. செதில், நகம், முன்னால் மூன்று விரல். அன்று அவர் கை ஒரு தரம் பிழைத்தது. கத்தி அவர் பெருவிரலைத் தொட்டது. இருபத்தொன்பது வருடத்தில் அதுவே முதல் தடவை.

ஆடி மாதத்தில் தாரா இரண்டுதான் மிஞ்சின. சீனிமுகம்மது ஒரு முடிவுக்கு வந்தார். பசிதான் அதை வீட்டுப் பக்கம் ஏற்றுகிறது. வேறு இடத்தில் தீன் போட்டால் அந்தப் பக்கம் போய்விடும். திரும்பவும் வாளியைக் கட்டினார். அரைக் கட்டை தூரத்தில் ஒரு மதகு இருந்தது. அங்கே நின்று கொட்டினார். மதகுச் சுவரில் தட்டினார். தண்ணீர் அசையவில்லை. மறுநாளும் தட்டினார். ஒரு கிழமை தட்டினார். காகமும் கொக்கும் தின்றன.

இளையதம்பி தோணியை ஒதுக்கினான்.

“என்ன காக்கா, இடம் மாறிட்டீங்க?”

“அது வருதில்ல.”

“நானும் கண்டு ஒரு மாசம். போயிரிக்கும்.”

“எங்க போயிரிக்கும்?”

“என்னட்டச் சொல்லிப்போட்டா போகுது? தீன எறிஞ்சும் வராட்டி ஒண்டில் செத்திரிக்கும், ஒண்டில் அதுக்கு வேற வேல இரிக்கும்.”

செத்திருக்கும் என்ற சொல்லைச் சீனிமுகம்மது எடுத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து, குடிபுகுந்த பிறகு முதல் தடவையாகப் பின்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தார். ஆவணி முழுக்க ஒரு தாராவும் குறையவில்லை. றபீக்கா சரிவில் இறங்கிப் பாத்திரம் கழுவினாள். அவர் குசினி வாசலுக்கு வந்து நிற்பதை விட்டுவிட்டார்.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை. வெயில் கடுமை. சந்தையில் ஆள் இல்லை. அசரைக் கடையிலேயே தொழுதுவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். முன்னறையில் ஆகிலா புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

“உம்மா எங்க?”

“பின்னுக்கு. தாராக்குஞ்சு கிடைச்சிரிக்காம்.”

பின்வாசலுக்கு வந்தார். சரிவு தொடங்கும் இடத்தில் றபீக்கா ஆற்றுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து, சிரட்டையால் மணலை வாரிக்கொண்டிருந்தாள். முழங்கை அளவுக்குக் குழி இறங்கியிருந்தது. குழிக்குள் இருந்து சத்தம் வந்தது. கூடையால் மூடி வைத்த குஞ்சுகள் போல, நிறையக் குரல், ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்வதுபோல.

“இஞ்ச வாங்க” என்றாள் திரும்பாமல். “காணாமப் போன தாரா மண்ணுக்குள்ள அடை வெச்சிரிக்கி. மண்ணு சரிஞ்சி மூடிட்டு. பாவம், எல்லாம் உசிரோட கத்துது.”

கையில் இருந்ததை உயர்த்திக் காட்டினாள். தாரா முட்டையைவிடப் பெரிது, நீளம், இரண்டு முனையும் ஒன்றுபோல. ஒரு முனையில் ஓடு விண்டிருந்தது. உள்ளே இருந்து ஒரு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கின் நுனியில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி. கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்து வரும்போது அலகில் அதே புள்ளி இருக்கும். இது அலகு அல்ல.

அவர் ஆற்றைப் பார்த்தார். கரையோரம் மிதக்கும் ஆற்றுவாழைச் செடி மூடிக் கிடந்தது. காற்று கிழக்கே இருந்து வந்தது. ஆற்றுவாழையில் ஒரு இடம் மட்டும் காற்றுக்கு எதிராக நகர்ந்தது.

“றபீக்கா, எழும்பு.”

“நில்லுங்க, இன்னும் அடில கிடக்கு.”

“எழும்பு. உள்ள போ.”

“ஏன்? கபறக்கொய்யாக்கா பயப்படுறீங்க? ஆளுக்கு ஒண்டும் செய்யாதெண்டு நீங்கதானே சொன்னீங்க.”

அவள் அடுத்த சிரட்டை மணலை வாரினாள். கைபிடித்து இழுத்தால் அவள் ஏன் என்று நிற்பாள். நின்று வாதாடுகிற பெண் அவள். நேரம் இல்லை.

“அது கபறக்கொய்யா இல்ல. முதலை. உன்ர கையில இரிக்கிறது முதலைர குஞ்சி.”

“முதலை இஞ்ச எங்கால?”

“நான்தான் பழக்கின. பதினொரு வருஷமாக் கடைக் கழிவக் கொண்டந்து இதுல கொட்டின. காணி வாங்கக்குள்ளயும் தெரியும். நீ கேட்டதுக்குப் பொய் சொன்னன். எழும்பு றபீக்கா.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முட்டையை மணலில் வைத்தாள், கண்ணாடிக் கோப்பையை வைப்பதுபோல. எழும்பினாள். ஓடவில்லை. அவர் அவளை முன்னால் விட்டு, பின்னால் நடந்தார். பதினைந்து எட்டு. பன்னிரண்டாவது எட்டில் பின்னால் தண்ணீர் கிழியும் சத்தம் கேட்டது. அவளைக் குசினிக்குள் தள்ளிவிட்டுக் கதவை அடைத்தார்.

யன்னலால் பார்த்தார்கள். அது ஊர்ந்து வரும் என்றுதான் அவர் எப்போதும் நினைத்திருந்தார். அது நடந்தது. நாலு காலையும் நிமிர்த்தி, வயிறு நிலத்தில் படாமல், காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தது. முற்றத்தில் கோழி நடக்கிற நடை. முழு உடம்பையும் அவர் அன்றுதான் பார்த்தார். குழியின் மேல் நின்றது. முன்காலால் மணலைத் தள்ளியது. றபீக்கா தோண்டிய இடத்தில் இருந்து தொடங்கியது.

ஆகிலா ஓடி வந்து யன்னல் கம்பியைப் பிடித்தாள். அது தலையைச் சரித்து ஒரு முட்டையை வாயில் எடுத்தது.

“தின்னுது” என்றாள் றபீக்கா. “பெத்ததத் தின்னுது.”

“இல்ல உம்மா. பாருங்க.”

அது தாடைக்குள் முட்டையை உருட்டியது. ஓடு உடைந்தது. கடைவாய்ப் பல்லுக்கு இடையில் ஒரு வால் அசைந்தது. அது திரும்பி நடந்து தண்ணீருக்குப் போய் வாயைத் திறந்தது. திரும்பவும் ஏறி வந்தது.

“ரெண்டு மாசமாவது இரிக்கும் இது முட்டை இட்டு” என்றாள் ஆகிலா மெதுவாக. “மணல் வேணும் அதுக்கு. லேசாத் தோண்டுற மணல்.”

இரண்டு மாதம். றபீக்கா அந்தச் சரிவில் பாத்திரம் கழுவிய இரண்டு மாதம்.

ஆகிலா போனில் வனஜீவராசிகள் பகுதியில் வேலை செய்யும் கிசோக்கைப் பிடித்தாள். அவளுடைய ரியூசன் சினேகிதி ஒருத்தியின் அண்ணன். போனைச் சத்தமாக வைத்தாள்.

“வாகனம் யானை விரட்டப் போயிற்று தங்கச்சி. விடியத்தான் வர ஏலும். பின்பக்கம் ஒருத்தரும் போக வேணாம்.”

“திரும்பத் திரும்ப வருது அண்ணன்.”

“வரும். குழிக்குள்ள குஞ்சிச் சத்தம் கேக்கிற வரைக்கும் ஏறும். சத்தம் நிண்டா அதுக்கு அங்க வேல இல்ல. ஆக்கள எட்டத்துல வெய்ங்க. கல்லுக் கில்லு எறிய வேணாம்.”

போனை வைத்ததும் சீனிமுகம்மது சொன்னார், “ரெண்டு பேரும் றுக்ஸானாட வீட்ட போங்க.”

“குடுத்த வீட்டுக்கா?” என்றாள் றபீக்கா. அவள் இன்னும் யன்னலை விட்டுத் திரும்பவில்லை. “ஆறு மாசத்துல மூட்ட முடிச்சோட போய் நிக்கிறதா? என்ன காரணம் சொல்ல?”

“உள்ளதச் சொல்லு.”

“அது என்ர காரணம் இல்ல. உங்கட காரணம். உங்கட மருமகன்ட நீங்க சொல்லுங்க.”

அவர் மருமகன் சியாமுக்கு எடுத்தார். கோழி, கழிவு, பதினொரு வருடம், காணி, பொய். மூச்சு விடாமல் சொன்னார்.

“நான் ஓட்டோ அனுப்புறன் மாமா” என்றான் சியாம்.

ஓட்டோ முன்வாசலுக்கு வந்தது. றபீக்கா பர்தாவைச் சரி செய்துகொண்டு நின்றாள். அவருடைய கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

“நீங்க வாறல்லையா?”

“பக்கத்து வளவுல புள்ளைகள். சத்தத்தக் கேட்டு வந்தாலும் வருங்கள். நிக்கணும்.”

“இத அண்டைக்கு நினைச்சிரிக்கணும்” என்றாள். ஓட்டோ போனது.

அவர் பக்கத்து வீட்டுக்குப் போய், பிள்ளைகளை வெளியே விட வேண்டாம், பின்னால் முதலை ஏறுகிறது என்றார். இன்னொரு தடவை முழுதும் சொன்னார். அந்த வீட்டுக்காரர் கேட்டு முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்பி வந்து யன்னலில் நின்றார். அது இன்னும் ஏழு தடவை ஏறியது. பிறகு ஏறவில்லை. தண்ணீர் ஓரத்தில் தலை மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் சிறு சிறு புள்ளியாக அசைந்தது. குழி நிறைய ஓட்டுத்துண்டு. முடிந்தது என்று நினைத்தார்.

அப்போது குழிக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

ஒன்றே ஒன்று. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும். ஆழத்தில், சரிந்த மணலுக்குக் கீழே. தண்ணீரில் இருந்த தலை இந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் ஏறவில்லை. தண்ணீருக்குள்ளும் குஞ்சுகள் கத்தின. அது இரண்டு சத்தத்துக்கும் நடுவில் நின்றது. கரைக்கு ஒரு முழம் வரும். பின்வாங்கும்.

இருபது நிமிடம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் நிற்கவில்லை. இது கத்தும் வரை அது இந்தச் சரிவை விட்டுப் போகாது. இருட்ட இன்னும் அரை மணித்தியாலம். இருட்டிய பிறகு அது எங்கே நிற்கிறது என்று தெரியாது. மணல் வளவு அடுத்த வளவோடு சேர்ந்து கிடந்தது, வேலியும் இல்லை. இந்த வீட்டுக்கு றபீக்கா திரும்பி வர வேண்டுமானால் அந்தக் குரல் நிற்க வேண்டும்.

கத்தியை எடுத்தார். வாசலில் நின்று யோசித்துவிட்டு, அதைக் குசினி மேசையில் வைத்தார். கதவைத் திறந்தார்.

பதினைந்து எட்டையும் ஆற்றைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்தார். குழியருகே முழங்காலில் இருந்தார். தலை அசையவில்லை. கையை மணலுக்குள் விட்டார். மணல் சூடாக இருந்தது, கோழியின் வயிற்றுக்குள் கைவிட்டதுபோல. விரலில் ஓடு தட்டியது. எடுத்தார். உடையாத முட்டை. உள்ளே அது திரும்புவது உள்ளங்கையில் தெரிந்தது. பெருவிரல் நகத்தால் முனையை உடைத்தார். சவ்வைக் கிழித்தார். ஒரு சாண் நீளத்தில் மடங்கிக் கிடந்த ஒன்று கைக்குள் விரிந்தது. கண்ணைத் திறந்தது. உடனே அவர் விரலைக் கடித்தது. கடித்துக்கொண்டே கத்தியது.

வெளிக்காற்றில் அந்தச் சத்தம் பெரிதாக இருந்தது. தண்ணீர் உடைந்தது. அது பாதி உடம்பை மணலில் ஏற்றிவிட்டது.

கழுத்தில் எந்த இடம் என்று அவருடைய இரண்டு விரலுக்கும் தெரியும். நாளுக்கு அறுபது தடவை தொடும் இடம். விரல்கள் தாமாகவே அங்கே போயின. அழுத்தினால் சத்தம் நிற்கும். சத்தம் நின்றால் அது போகும் என்று கிசோக் சொன்னான். ஆனால் கையில் நின்ற சத்தத்தை அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்று கிசோக் சொல்லவில்லை.

விரலைத் தளர்த்தினார். முழங்காலில் இருந்தபடியே முன்னால் சாய்ந்து, எட்டும் தூரத்தில் குஞ்சைச் சரிவில் வைத்தார். அது இரண்டு எட்டு உருண்டது. நின்று கத்தியது. அவர் பின்னால் நகர்ந்தார். எழும்பவில்லை. முதுகைக் காட்டவில்லை.

அது வந்தது. நடந்து வந்தது. அவருக்கும் அதற்கும் இடையில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருந்தது. பதினொரு வருடம் அதற்குத் தன்னைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பயத்துக்குள்ளேயே அந்த நினைப்பும் இருந்தது. அது அவரைப் பார்க்கவில்லை. தலையைச் சரித்து, பல் நிறைந்த வாயின் ஓரத்தால் குஞ்சை மணலோடு அள்ளியது. வாய் மூடியது. சத்தம் நின்றது.

குழியில் ஒன்றும் இல்லை. தண்ணீரில் மற்றவை கத்திக்கொண்டிருந்தன. பள்ளியில் மஃரிப் பாங்கு தொடங்கியது. அது திரும்பிப் போக வேண்டும். போகவில்லை. குஞ்சை வாயில் வைத்துக்கொண்டு, நாலு காலையும் நிமிர்த்தி, அவருக்கு முன்னால் நின்றது. சீனிமுகம்மது முழங்காலில் இருந்தபடி, அது முதலில் திரும்பட்டும் என்று காத்திருந்தார். அதன் தொண்டை மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது.